முதல் கல்லூரி செஸ் போட்டி: பிட்ஸ்ஃபீல்டு, 1859 ஜூலை 2

#1 பழையபலகை

பேஸ்பால் வரலாற்றில் 1859 ஜூலை 1 பெரிய நாள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியும் வில்லியம்ஸ் கல்லூரியும் மோதின. கல்லூரிகளுக்கு இடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் அதுதான். ஆம்ஹெர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. பேஸ்பால் வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் இதை விடுவதில்லை.

மறுநாள், ஜூலை 2, அதே இரண்டு கல்லூரிகளும் அதே ஊரில் செஸ் ஆடின. இதை மட்டும் 'கூடவே செஸ்ஸும் நடந்தது' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். அதனால்தான் இந்த இழை.

செஸ் அங்கே ஒட்டிக்கொண்டு வந்த விஷயமில்லை. பேஸ்பாலுக்கு முதலில் சவால் விட்டது ஆம்ஹெர்ஸ்ட். வில்லியம்ஸ் சரி என்றது. சொன்ன கையோடு, செஸ்ஸிலும் மோதத் தயாரா என்று திருப்பிக் கேட்டது. உடம்பைச் சோதிக்கிற மாதிரி மூளையையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்பது அவர்கள் பேச்சு. ஆம்ஹெர்ஸ்ட் அதையும் ஏற்றுக்கொண்டது. போட்டி முடிந்து ஆம்ஹெர்ஸ்டில் வந்த சிறப்பு இதழின் தலைப்பில் பேஸ்பாலும் செஸ்ஸும் சரிசமமாக நின்றன. தசையும் மூளையும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள். பிட்ஸ்ஃபீல்டில் பேஸ்பால் கிளப் ஒன்றும் செஸ் கிளப் ஒன்றும் இருந்தன, இரண்டும் சேர்ந்துதான் மாணவர்களை வரவேற்றன. அப்புறம், செஸ்ஸைக் கேட்டு வாங்கிய வில்லியம்ஸ் செஸ்ஸிலும் தோற்றது.

அந்த வருடம் கல்லூரிப் பையன்களுக்கு செஸ் ஞாபகம் வந்ததற்குக் காரணம் தேடிப் போக வேண்டாம், பால் மார்ஃபி. 1857இல் நியூயார்க்கில் நடந்த முதல் அமெரிக்க செஸ் காங்கிரஸை இருபது வயதில் ஜெயித்தவர். 1858இல் ஐரோப்பா போனார், லண்டனிலும் பாரிஸிலும் பெரிய ஆட்டக்காரர்களை வரிசையாக ஜெயித்தார், டிசம்பரில் ஜெர்மனியின் பெரிய ஆட்டக்காரர் ஆண்டர்சனையும் வென்றார். 1859 மே மாதம் அமெரிக்கா திரும்பியபோது நியூயார்க்கில் தங்கமும் வெள்ளியுமாகச் செய்த காய்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். மே 31 அன்று பாஸ்டனில் விருந்து, ஊரின் பெரிய கவிஞர்களும் பேராசிரியர்களும் மேஜையைச் சுற்றி. அதிலிருந்து ஒரு மாதம்தான் பிட்ஸ்ஃபீல்டு ஆட்டத்துக்கு. மார்ஃபிக்கு அப்போது வயது 22. அந்தக் கல்லூரி மாணவர்களுக்கு அவர் கிட்டத்தட்ட சமவயது. அவரே கல்லூரியிலிருந்து வந்தவர்தான்: அலபாமாவில் ஸ்பிரிங் ஹில் கல்லூரியில் படித்து, லூசியானாவில் சட்டம் முடித்து, வக்கீலாகப் பதிவு செய்ய வயது போதாததால்தான் செஸ் ஆட நேரம் கிடைத்தது.

என் கட்சி இதுதான்: கல்லூரி செஸ்ஸின் பிறந்தநாள் 1859 ஜூலை 2. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.

#2 சிப்பாய்64

நல்ல இழை அண்ணா. ஹார்வர்ட், யேல் எல்லாம் இருக்கும்போது இந்த இரண்டு சின்னக் கல்லூரிகளுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு வேகம்? ஏதாவது பகையா?

#3 பழையபலகை

பகைதான் தம்பி, அதுவும் குடும்பப் பகை.

வில்லியம்ஸ் 1793இல் தொடங்கிய கல்லூரி. மாநிலத்தின் வடமேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சேருவதே பாடு. மாணவர்கள் வருவதில்லை, கல்லூரியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு கட்சி. கூடாது என்று இன்னொரு கட்சி. மாற்ற வேண்டும் என்ற கட்சியில் கல்லூரித் தலைவர் ஸெஃபனையா ஸ்விஃப்ட் மூரே இருந்தார். அது நடக்கவில்லை என்றதும் 1821இல் அவர் பதினைந்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறி, புதிதாகத் தொடங்கிய ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கு முதல் தலைவரானார். போகும்போது வில்லியம்ஸ் நூலகத்துப் புத்தகங்களையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஒரு கதை இன்றுவரை சொல்கிறார்கள். கதைதான், ஆனால் அந்தக் கதை உயிரோடு இருப்பதே பகை எவ்வளவு ஆழம் என்பதற்குச் சாட்சி.

1859இல் அந்தப் பிரிவுக்கு 38 வயது. பையன்களின் பேராசிரியர்களில் பலருக்கு அது நேரில் கண்ட விஷயமாக இருந்திருக்கும். யாருடைய ஊரிலும் ஆடாமல் பிட்ஸ்ஃபீல்டுக்குப் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிட்ஸ்ஃபீல்டைப் பற்றி ஒரு தகவல். 1791இல் அந்த ஊர்ச் சபை ஒரு விதி போட்டது: புதிதாகக் கட்டிய சபைக்கூடத்திலிருந்து 80 கஜத்துக்குள் பேஸ்பால் முதலான பந்தாட்டம் எதுவும் கூடாது, கண்ணாடி ஜன்னல் உடைகிறது. 2004இல் ஜான் தோர்ன் என்ற வரலாற்றாசிரியர் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அமெரிக்காவில் பேஸ்பால் என்ற பெயர் எழுத்தில் வந்த மிகப் பழைய இடங்களில் அது ஒன்று.

#4 தேம்ஸ்கரை

பழையபலகை சார், உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் பிறந்தநாள் என்ற பட்டத்தை 1859க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு முறை ஆடி, கை குலுக்கிவிட்டு ரயில் ஏறிப்போனால் அது ஒரு நிகழ்ச்சி. வருடா வருடம் நடந்தால்தான் அது போட்டி. அந்தக் கணக்கில் முதல் இடம் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் ஆட்டத்துக்கு. 1873 மார்ச் 28, லண்டன், சிட்டி ஆஃப் லண்டன் செஸ் கிளப். அந்தத் தேதியைக் கவனியுங்கள். மறுநாள் மார்ச் 29 அன்று தேம்ஸ் நதியில் அதே இரண்டு பல்கலைக்கழகங்களின் படகுப் போட்டி. அந்த வருடம்தான் இரண்டு படகுகளிலும் நகரும் இருக்கை முதல்முறையாக வந்தது. படகுப் போட்டி பார்க்க லண்டனில் கூடும் பழைய மாணவர் கூட்டம் முந்தின நாளே வந்துவிடும். செஸ்ஸை அந்த வாரத்திலேயே வைத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் 1827, படகு 1829, செஸ் 1873. அந்த வரிசையில் செஸ் கொஞ்சம் தாமதம்தான், ஆனால் வந்தபின் நிலைத்துவிட்டது. இன்றும் நடக்கிறது.

அதற்கு முன்னேற்பாடும் நன்றாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக செஸ் கிளப் 1869இல் தொடங்கியது. தொடங்கிய மாணவர்களில் ஒருவர் லார்ட் ரண்டால்ஃப் சர்ச்சில், வின்ஸ்டன் சர்ச்சிலின் அப்பா. பிற்காலத்தில் பிரிட்டனின் நிதியமைச்சர். 1870இல் ஸ்டைனிட்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு வந்து கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் பலருடன் ஆடியபோது எதிரே உட்கார்ந்தவர்களில் ரண்டால்ஃபும் உண்டு. தோற்றார், ஆனால் சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பின்னாளில் உலக சாம்பியனாகப் போகிறவரைக் கல்லூரிக்கே அழைத்து வந்து ஆடிப் பழகியவர்கள் அவர்கள். இதையும் பிட்ஸ்ஃபீல்டில் இரண்டு நாள் கூடியதையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா?

இன்னொன்று, ஆம்ஹெர்ஸ்டும் வில்லியம்ஸும் கல்லூரிகள். பல்கலைக்கழக அணிகள் என்று பார்த்தால் 1873தான்.

#5 நியூயார்க்_ராணி

நான் மூன்றாவது கட்சி. 1859, 1873 இரண்டுமே இருவர் மல்லுக்கட்டு. பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு அட்டவணை போட்டு ஆடியதுதான் டோர்னமெண்ட் என்றால், அது 1892 டிசம்பர், நியூயார்க். கொலம்பியா, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன்.

அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்லூரிக்கு இரண்டே ஆட்டக்காரர்கள். ஒவ்வொருவரும் மற்ற மூன்று கல்லூரிகளின் ஆறு பேருடனும் ஒவ்வொரு ஆட்டம். ஆக ஆளுக்கு 6, கல்லூரிக்கு 12, மொத்தம் 24 ஆட்டம். ஒருவன் சரியில்லை என்றால் மற்றவன் பாதிச் சுமை தூக்கியாக வேண்டும், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் வைத்தார்கள், வகுப்பும் கெடாது. முதல் வருடம் கோப்பை கொலம்பியாவுக்கு. அந்த அணியில் ஆடிய எட்வர்டு ஹைம்ஸ் பின்னாளில் அமெரிக்க அணிக்காகவே இங்கிலாந்துடன் ஆடினார்.

ஹார்வர்ட் பக்கம் வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் எல்மர் எர்னஸ்ட் சவுத்தர்ட். 1890களில் ஹார்வர்ட் அணியின் தூண். டேனிஷ் கேம்பிட் என்ற ஆட்டத் தொடக்க முறையை ஆராய்ந்து எழுதியவர். அப்புறம் மருத்துவம் படித்து மூளை நோயியலில் பெரிய பெயர் வாங்கி, பாஸ்டன் மனநோய் மருத்துவமனையின் முதல் இயக்குநரானார்.

#6 பழையபலகை

தேம்ஸ்கரை, நியூயார்க்_ராணி இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தொடர்ச்சி என்ற அளவுகோலை ஒப்புக்கொள்கிறேன். 1873 தொடர்ந்தது, 1892 தொடர்ந்தது, 1859 தொடரவில்லை. ஆனால் அதே அளவுகோலால் 1859 பேஸ்பாலையும் அளக்க வேண்டுமே? அங்கே யாரும் அளப்பதில்லை. என் வருத்தம் முழுக்க அந்த இரட்டை அளவைப் பற்றித்தான்.

ஜூலை 1 அன்று அவர்கள் ஆடியது என்ன பேஸ்பால் என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் விதி. ஒரு பக்கம் பதின்மூன்று பேர். பேஸ் என்பது தரையில் நட்ட நான்கடி முளை. ஃபவுல் கோடு கிடையாது, பின்னால் தட்டிவிட்டாலும் ஓடலாம். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்து அடித்தால் அவன் அவுட். ஒருவர் அவுட் ஆனால் மொத்த அணியும் இறங்க வேண்டும். ஒவ்வொரு அணியும் தன் பந்தையே கொண்டுவந்து எறிந்தது. வில்லியம்ஸ் பந்துக்கு வெளிர் நிறத் தோல், அடிப்பவன் கண்ணுக்குச் சரியாகத் தெரியக் கூடாது என்று. மூன்றரை மணி நேரம் போனது ஆட்டம். கொஞ்ச வருடங்களில் நியூயார்க் விதி நாடு முழுக்கப் பரவி, இந்த மாசசூசெட்ஸ் ஆட்டம் செத்தே போனது. இன்றைய பேஸ்பால் வீரனைக் கொண்டுபோய் அந்த மைதானத்தில் விட்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பான்.

ஜூலை 2 அன்று ஆடிய செஸ்ஸோ இன்று நாம் ஆடுகிற செஸ். ராணியின் வீச்சு, கேஸ்லிங், ஆன்பசான், ஸ்டேல்மேட் என்றால் டிரா, எல்லா விதியும் அப்படியே. இந்தத் தளத்தில் இருக்கிற யாரையும் அந்த மேஜையில் உட்கார வைத்தால் அடுத்த நகர்வை யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். செத்துப்போன ஆட்டத்துக்கு விழா எடுக்கிறார்கள், உயிரோடு இருக்கிற ஆட்டத்துக்கு ஒரு வரி. இது நியாயமா?

#7 தேம்ஸ்கரை

'அப்படியே' என்பது கொஞ்சம் அதிகம் சார். அன்றைக்கு வெள்ளைதான் முதலில் நகர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கறுப்பு வைத்துக்கொண்டே முதலில் ஆடலாம். வெள்ளைக்கே முதல் நகர்வு என்று வைத்துக்கொள்ளலாமே என்று லோவெந்தால் என்ற ஆட்டக்காரர் எழுதிக் கேட்டது 1857 அமெரிக்க காங்கிரஸுக்குத்தான். அது எல்லா இடத்திலும் நிலைக்கப் பல வருடம் பிடித்தது. சிப்பாய் எட்டாவது கட்டத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதிலேயே தகராறு இருந்தது. 1862 பிரிட்டிஷ் விதிகளில் சிப்பாயாகவே நிற்கலாம் என்றுகூட இருந்தது, ஸ்டைனிட்ஸே அதை ஆதரித்தார்.

எல்லாவற்றுக்கும் மேல், யோசிக்கும் நேரத்தை அளக்கிற கிளாக் இல்லை.

#8 பழையபலகை

கிளாக் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மணல் கடிகாரம் வைத்து ஆடினார்கள். ஒரே சட்டத்தில் இரண்டு கடிகாரம் பொருத்திய கருவி பெரிய போட்டிக்கு வந்தது 1883 லண்டனில். பிட்ஸ்ஃபீல்டில் எதிராளி யோசித்துக்கொண்டே இருந்தால் நாமும் உட்கார்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் கால அறிக்கைகள் எதைப் படித்தாலும் இந்த ஒரு புலம்பல் இல்லாமல் இருக்காது.

முதல் நகர்வு, சிப்பாய் விஷயம் இரண்டும் ஓரம்தான் சார். நிறத்தை மாற்றிப்போட்டால் பலகை மாறிவிடாது.

#9 ஆர்பிட்டர்_அக்கா

விதிச் சண்டையில் நான் வரவில்லை, எனக்கு வேறு ஒரு இடம் இனித்தது.

1859 பேஸ்பால் ஆட்டத்தில் ஆம்ஹெர்ஸ்ட்டின் பந்து எறிபவர் மாணவரே இல்லை, கூலிக்குப் பிடித்துவந்த கொல்லர் என்று வதந்தி கிளம்பியது. ஆம்ஹெர்ஸ்ட் பத்திரிகையே அதைப் பதிவு செய்திருக்கிறது. வேடிக்கை பார்த்த ஒருவர், அப்படித்தான் இருக்க வேண்டும், கொல்லனைத் தவிர வேறு யாரால் மூன்றரை மணி நேரம் இப்படி எறிய முடியும் என்றாராம். ஆக முதல் கல்லூரிப் போட்டியிலேயே 'வெளியாள் இறக்கிட்டாங்க' என்ற புகாரும் பிறந்துவிட்டது.

கல்லூரிகளுக்கு இடையிலான செஸ்ஸில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், காலையில் முதல் வேலை காய் அடுக்குவது கிடையாது, போனஃபைடு சர்டிஃபிகேட்டைப் புரட்டுவது. ஃபோட்டோ மேல் கல்லூரி முத்திரை பாதி விழுந்திருக்கிறதா, படிப்பு இந்த வருடம்தானா, பட்டியலில் போட்ட பெயர்தானா. ஒரு தடவை ஒரு அணியில் நான்கு பேருக்கும் ஒரே தேதியில் சேர்க்கை போட்டிருந்தது, போட்டிக்கு முந்தின வாரம். விளையாட்டு ஆசிரியர் முகத்தைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அணியை இறக்க முடியாது என்று சொன்னதும் அந்தப் பையன்களில் ஒருவன் அழுதான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆட ஆசைப்பட்டு வந்தவன், பேப்பர் வேலையைச் செய்தவர்கள் வேறு யாரோ.

இன்னொரு தொல்லை போர்டு வரிசை. முதல் போர்டில் பலவீனமான ஆளைப் பலி கொடுத்துவிட்டு, பலமான ஆளை மூன்றாம் போர்டில் உட்கார வைப்பது. ரேட்டிங்படிதான் உட்கார வேண்டும் என்று விதி போட்டாலும், ரேட்டிங் இல்லாத ஆட்களை வைத்து இதைச் செய்துவிடுவார்கள். அதனால்தான் 1892 அமைப்பு எனக்கும் பிடிக்கிறது. எல்லோரும் எல்லோருடனும் ஆடினால் வரிசையை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

#10 சிப்பாய்64

அக்கா, அண்ணா, ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் 'அணி' என்றால் எப்படி ஆடுவார்கள்? இப்போது மாதிரி நான்கு போர்டுதானா?

#11 நியூயார்க்_ராணி

இரண்டு வழி இருந்தது தம்பி. ஒன்று நீ சொல்வது, ஆளுக்கொரு போர்டு. இன்னொன்று கலந்தாலோசித்து ஆடுவது: ஒரே போர்டு, ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று பேர், தங்களுக்குள் பேசி முடிவெடுத்து ஒரே நகர்வு. 1858இல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் மார்ஃபி ஆடினாரே, எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இஸூவார் பிரபுவும் சேர்ந்து, அது அந்த வகைதான். மேடையில் ஆப்பரா ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் ஒரு பெட்டி இருக்கையில் உட்கார்ந்து 17 நகர்வில் முடிந்த அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் பாதிப் பேர் முதன்முதலில் மனப்பாடம் செய்த ஆட்டம் அது.

கலந்தாலோசனை ஆட்டம் இப்போது வழக்கொழிந்தது எனக்கு வருத்தம்தான். யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும், கூட்டாளி ஒப்புக்கொண்டால்தான் காய் நகரும். புதிதாக ஆட வருகிற கல்லூரிப் பையனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

#12 கடலடிக்கம்பி

யாரும் கேபிள் ஆட்டங்களைப் பற்றிப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிட்ஸ்ஃபீல்டு ஆட்டத்துக்கு முந்தின வருடம், 1858 ஆகஸ்டில்தான் அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி போட்டார்கள். சில வாரத்திலேயே செத்துவிட்டது. நிலையான கம்பி 1866இல். அதன் மேல் செஸ் ஏறியது 1890களில். 1896இலிருந்து பிரிட்டனும் அமெரிக்காவும் கேபிளில் ஆடின. 1897இல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் ஐந்து போர்டில் ஆடி 2½–2½ என்று சமன் செய்தார்கள்.

கல்லூரிகள் 1899இல் வந்தன. ஒரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சேர்ந்த அணி. இன்னொரு பக்கம் ராணி அக்கா சொன்ன அதே நான்கு கல்லூரிகள் சேர்ந்த அணி. ஆறு போர்டு. யோசித்துப் பாருங்கள், வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடிக்கிற ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அந்த இரண்டு நாள் மட்டும் ஒரே மேஜை. அந்தப் பக்கம் ஹார்வர்டும் யேலும் ஒரே மேஜை.

வேலை நடக்கிற விதம் இப்படி. ஆட்டக்காரர் தன் போர்டில் நகர்த்துவார். பக்கத்தில் நிற்பவர் அதைக் குறித்துத் தந்திக்காரரிடம் கொடுப்பார். போர்டு எண்ணும் நகர்வும் சில எழுத்துகளாகச் சுருங்கிக் கடலுக்கடியில் போகும். அந்தக் கரையில் ஒருவர் அதைப் பிரித்து, எதிராளியின் காயைத் தன் கையால் நகர்த்தி வைப்பார். ஒரு எழுத்து தவறினால் குதிரை வேறு கட்டத்தில் நிற்கும். அதனால் இரண்டு கரையிலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கண்காணிப்பாளர்கள்.

இதற்குக் கோப்பை கொடுத்தவர் ஐசக் ரைஸ். ரைஸ் கேம்பிட் அவர் பெயரில்தான். நீர்மூழ்கிக் கப்பல் கட்டிய எலெக்ட்ரிக் போட் நிறுவனத்தை 1899இல் தொடங்கியவரும் அவரே, கொலம்பியாவில் பாடமும் நடத்தியவர்.

தேம்ஸ்கரை சாரின் 1873, ராணி அக்காவின் 1892 இரண்டும் வந்து சேர்ந்த இடம் இந்த 1899 என்று நான் பார்க்கிறேன். அதனால் யார் முதல் என்பதைவிட, இவை ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்துக்கொண்டன என்பதுதான் எனக்குச் சுவை.

#13 பழையபலகை

அருமை. அப்படிப் பார்த்தால் 1859இல் பிரிந்த பேஸ்பாலும் செஸ்ஸும் மறுபடி சந்தித்த இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1900களின் நடுவில் கியூபாவிலிருந்து ஒரு பையன் கொலம்பியாவில் பொறியியல் படிக்க வந்தான். கொலம்பியாவைத் தேர்ந்தெடுத்ததில் அதன் பேஸ்பால் அணிக்கும் பங்குண்டு. முதலாண்டு மாணவர் அணியில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடினான். கொலம்பியாவின் செஸ் அணியிலும் ஆடினான். நேரம் கிடைத்தபோதெல்லாம் மன்ஹாட்டன் செஸ் கிளப்பில். படிப்பை முடிக்கவில்லை. 1921இல் லாஸ்கரை வென்று உலக சாம்பியன் ஆனான். கபபிளாங்கா!

#14 ரேட்டிங்1850

கேபிள் ஆட்டம், கபபிளாங்கா எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆர்பிட்டர் அக்கா சொன்ன கொல்லர் கதை இன்றைக்கும் முடியவில்லை. அமெரிக்காவில் இப்போது கல்லூரி செஸ் என்றால் ஸ்காலர்ஷிப்தான். பல நாடுகளிலிருந்து கிராண்ட்மாஸ்டர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்து அணி கட்டுகிறார்கள். டெக்சாஸிலும் மிசௌரியிலும் இருக்கிற சில பல்கலைக்கழகங்களின் முதல் நான்கு பேரும் கிராண்ட்மாஸ்டர்கள். 1946இல் தொடங்கிய பான் அமெரிக்கன் கல்லூரிப் போட்டியின் மேல்போர்டுகளில் அமெரிக்காவில் பிறந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி, மொத்த மாணவர்களும் ஓட்டுப்போட்டு அணியைத் தேர்ந்தெடுத்த காலம் எங்கே, இது எங்கே? இதில் கல்லூரி எங்கே இருக்கிறது?

#15 ஆர்பிட்டர்_அக்கா

தம்பி, இதில் எனக்கு உங்கள் கட்சி இல்லை.

கொல்லர் கதையில் தப்பு என்னவென்றால் அவர் மாணவரே இல்லை என்பது (வதந்தி உண்மையாக இருந்திருந்தால்). ஸ்காலர்ஷிப்பில் போகிற கிராண்ட்மாஸ்டர் வகுப்பில் உட்கார்கிறார், தேர்வு எழுதுகிறார், பட்டம் வாங்குகிறார். இங்கே பதினெட்டு வயதில் செஸ்ஸா படிப்பா என்று ஒரு பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள் பாருங்கள், அந்தக் கேள்வியே வேண்டாம், இரண்டையும் சேர்த்துச் செய் என்று ஒரு வழி திறந்திருக்கிறது. தமிழ்நாட்டு கிராண்ட்மாஸ்டர் பிரியதர்ஷன் கண்ணப்பன் மிசௌரியில் லிண்டன்வுட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். இன்று பயிற்சியாளர். இப்படிப் போன பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் பேசிப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்வார்கள்.

ஒரு குறை உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பணம் போடுகிற நான்கைந்து பல்கலைக்கழகங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே பள்ளம் ரொம்பப் பெரிதாகிவிட்டது. சாதாரண மாணவன், வேதியியல் படித்துக்கொண்டே சாயங்காலம் கிளப்பில் ஆடுகிறவன், அவனுக்குத் தனிப் பிரிவு வைத்தால்தான் போட்டி உயிரோடு இருக்கும். பான் அமெரிக்கனில் ரேட்டிங் வாரியாகப் பரிசு வைக்கிறார்கள், அது நல்ல ஆரம்பம். ஒரு விஷயம் கவனித்தீர்களா, அந்தப் போட்டியும் பல வருடம் டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில்தான் நடந்தது. 1892 போட்ட பழக்கம்.

#16 தேம்ஸ்கரை

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பழையபலகை சாருக்கு ஒரு வார்த்தை: தொடர்ச்சிக்கு 1873 என்பதில் நான் நிற்கிறேன். ஆனால் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் செஸ்ஸில் பந்தயம் என்ற எண்ணத்துக்கு 1859க்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பதை ஏற்கிறேன். பேஸ்பால்காரர்கள் ஜூலை 1ஐக் கொண்டாடும்போது நாம் ஜூலை 2ஐக் கேட்பது தப்பே இல்லை.

#17 சிப்பாய்64

எங்கள் கல்லூரி கிளப்பில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கல்லூரிகள் மூன்றைக் கூப்பிட்டு 1892 மாதிரி ஆடலாம் என்று முடிவாகியிருக்கிறது. கல்லூரிக்கு இரண்டு பேர். ஒரு நாளில் முடிக்க முடியுமா அக்கா? எங்களிடம் நான்கு கிளாக்தான் இருக்கிறது.

#18 ஆர்பிட்டர்_அக்கா

நான்கு போதும். எட்டுப் பேர், ஒரே நேரத்தில் நான்கு போர்டு. ஒரு சுற்றில் 4 ஆட்டம், 24 ஆட்டத்துக்கு ஆறு சுற்று. ஆளுக்கு 25 நிமிடம், நகர்வுக்கு 5 விநாடி சேர்ப்பு என்று வைத்தால் ஒரு சுற்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். காலை எட்டரைக்குத் தொடங்கி மூன்று சுற்று, சாப்பாடு, மறுபடி மூன்று. சாயங்காலம் ஆறு, ஆறரைக்குள் பரிசு கொடுத்துவிடலாம். ஒவ்வொருவருக்கும் மூன்று வெள்ளை, மூன்று கறுப்பு வருகிற மாதிரி அட்டவணை போட வேண்டும், அதை நானே போட்டு அனுப்புகிறேன். புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதி நான்கு கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்கிவிடு. அப்புறம் போனஃபைடு, மறக்காதே.

#19 நியூயார்க்_ராணி

ஏழாவதாக ஒரு சுற்று சேர்க்க நேரம் இருந்தால், நான்கு கல்லூரியும் இரண்டிரண்டாகப் பிரிந்து ஒரு கலந்தாலோசனை ஆட்டம் வையுங்கள். புள்ளி வேண்டாம். ஒரு பக்கம் நான்கு பேர், ஒரே போர்டு. தேதி முடிவானதும் இங்கே போடு தம்பி.